சிலேட்டும் செயலியும்: உயர் கணிதம் கற்க எது துணை?

கணிதத்தை விளையாட்டாகச் சொல்லித்தரும் செயலிகள் ஒரு காலத்தில் கூட்டல், கழித்தல், வாய்ப்பாடு ஆகியவற்றோடு நின்றிருந்தன. அண்மை ஆண்டுகளில் அவை பல்கலைக்கழக மட்டத்திலான உயர் கணிதத்துக்குள்ளும் நுழைந்துள்ளன. தேற்றங்களை நிறுவும் பணியையே சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒன்றன்பின் ஒன்றாக வெல்லச் சொல்லும் விளையாட்டுகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆசிரியர், புத்தகம், தாள், பேனா என்ற பழைய வழிக்கு இவை மாற்றாகுமா என்பது இப்போது கல்வியாளர்களும் பெற்றோரும் எழுப்பும் கேள்வியாகும்.

புலம்பெயர்ந்த தமிழர்களிடையே இந்தக் கேள்விக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. வடக்கு லண்டனின் ஆர்ச்வே பகுதியை அவர்களில் பலர் அங்குள்ள முருகன் கோயிலைக் கொண்டே அறிவர். 1986-இல் ஆர்ச்வே சாலையில் எழுந்த ஹைகேட் முருகன் ஆலயத்தை 'ஆர்ச்வே முருகன் கோயில்' என்று அழைப்போர் ஏராளம். கோயில், தமிழ்ப் பள்ளி, கணித டியூஷன் என மூன்றுக்கும் இடையே ஓடும் வார இறுதி, லண்டனில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் பலருக்குப் பழக்கமானது.

பிரிட்டனின் பல்கலைக்கழகப் புகுமுகத் தேர்வான ஏ லெவலில் மிக அதிகமான மாணவர்கள் எடுக்கும் பாடம் கணிதமே. 2024-ஆம் ஆண்டில் கணிதத் தேர்வுக்குப் பதிவு செய்தோரின் எண்ணிக்கை முதன்முறையாக ஒரு லட்சத்தைத் தாண்டியது. பொறியியல், கணினி அறிவியல், பொருளாதாரம் ஆகிய துறைகளுக்கு இப்பாடமே நுழைவாயில். ஆகவே, கையில் தொலைபேசியை வைத்துக்கொண்டு "கணக்குப் படிக்கிறேன்" என்று சொல்லும் பிள்ளை உண்மையில் படிக்கிறதா என்பது பெற்றோருக்குச் சிறிய விடயமல்ல.

இந்த விவாதம் செயலிகளோடு பிறந்ததும் அல்ல. விளையாட்டுப் பொருள்களின் வழியாகவும், ஆசிரியரின்றிப் புத்தகத்தின் வழியாகவும் உயர் கணிதத்தை அடைய முயன்றவர்களின் வரலாறு நூறாண்டுகளுக்கும் மேற்பட்டது. அதில் ஒரு பகுதி ஆர்ச்வேயை அடுத்த ஹைகேட் குன்றிலும், இன்னொரு பகுதி கும்பகோணத்திலும் இருக்கிறது.

ஹைகேட் கல்லறைத் தோட்டத்தில் இருவர்

ஆர்ச்வே சுரங்க ரயில் நிலையத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில் ஹைகேட் கல்லறைத் தோட்டம் அமைந்துள்ளது. கார்ல் மார்க்ஸின் கல்லறையைக் காண உலகெங்கிலுமிருந்து மக்கள் அங்கு வருகின்றனர். மார்க்ஸ் தம் பிற்காலத்தில் வகை நுண்கணிதத்தைத் தாமாகவே பயின்றார் என்பது பரவலாக அறியப்படாத செய்தி. அவர் எழுதி வைத்த கணிதக் குறிப்புகள் 1968-இல் முழுமையாக வெளிவந்தன.

மிகச்சிறிய மாற்றங்களின் விகிதம் எவ்வாறு ஒரு திட்டவட்டமான மதிப்பைத் தருகிறது என்ற அடிப்படைக் கேள்வியோடு மார்க்ஸ் அக்குறிப்புகளில் மல்லுக்கட்டுகிறார். அந்தக் கேள்விக்கு 'எல்லை' என்ற கருத்தின் மூலம் பிரெஞ்சுக் கணிதவியலாளர் கோஷி 1820-களிலேயே விடை கண்டிருந்தார். ஆனால் மார்க்ஸ் பயன்படுத்திய பாடநூல்கள் அதற்கு முந்திய தலைமுறையின் அணுகுமுறையைப் பின்பற்றியவை. அறிவுக்கும் உழைப்புக்கும் குறைவில்லாத ஒருவர், தவறான புத்தகங்கள் கையில் கிடைத்ததாலும், துறையில் ஆய்வு செய்த ஆசிரியரிடம் முறையாகப் பயிலாததாலும், ஏற்கெனவே தீர்க்கப்பட்ட சிக்கலில் பல காலம் செலவிட நேர்ந்தது. புத்தகம் ஒன்றே போதும் என்று வாதிடுவோர் கவனிக்க வேண்டிய உதாரணம் இது.

அதே கல்லறைத் தோட்டத்தில், மார்க்ஸின் கல்லறைக்கு அருகிலேயே வில்லியம் கிங்டன் கிளிஃபோர்ட் என்ற கணிதவியலாளரும் அடக்கம் செய்யப்பட்டுள்ளார். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 1871-இல் பேராசிரியரான அவர், 1879-இல் தமது 33-ஆவது வயதில் காலமானார். அவர் பெயரைத் தாங்கிய கிளிஃபோர்ட் இயற்கணிதம் இன்றும் இயற்பியலில் பயன்படுகிறது.

துல்லிய அறிவியல்களின் அடிப்படைகளைப் பொதுமக்களுக்கு விளக்க அவர் எழுதத் தொடங்கிய நூல், அவரது மறைவுக்குப் பின் 1885-இல் வெளியானது. பொருள்களை எந்த வரிசையில் எண்ணினாலும் ஒரே எண்ணிக்கையே ஏன் கிடைக்கிறது என்ற கேள்வியிலிருந்து அந்நூல் தொடங்குகிறது. சிறு பிள்ளையும் ஏற்றுக்கொள்ளும் ஒன்றை ஏன் விளக்க வேண்டும் என்று தோன்றலாம். ஆனால் 'எனக்குத் தெரியும்' என்பதற்கும் 'ஏன் என்று காட்ட முடியும்' என்பதற்கும் உள்ள இடைவெளியில்தான் உயர் கணிதம் தொடங்குகிறது. கணித விளையாட்டுகளை மதிப்பிடும்போதும் இந்த இடைவெளியை மனத்தில் கொள்வது அவசியம்.

மரக்கட்டைகளில் நான்காம் பரிமாணம்

விளையாட்டுப் பொருள் ஒன்றின் மூலம் ஆய்வு மட்டத்துக்கே உயர்ந்தவர் என்று அலிசியா பூல் ஸ்டாட் என்ற பெண்மணியைக் கூறலாம். கணினிகளின் தர்க்கத்துக்கு அடிப்படையான பூல் இயற்கணிதத்தை உருவாக்கிய ஜார்ஜ் பூலின் மகள் அவர். நான்கு வயதிலேயே தந்தையை இழந்த அலிசியாவுக்கு முறையான கணிதக் கல்வி கிடைக்கவில்லை. அக்காலப் பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவுகள் பெரும்பாலும் மூடியே இருந்தன.

எனினும் அவரது குடும்பத்தில் கணிதம் கைகளால் தொட்டுணரக்கூடிய ஒன்றாக இருந்தது. தாயார் மேரி எவரெஸ்ட் பூல், அட்டையில் துளைகளிட்டு நூலால் நேர்கோடுகளை இழுத்து, அக்கோடுகளின் நடுவே வளைகோடு தோன்றுவதைப் பிள்ளைகளுக்குக் காட்டியவர். அலிசியாவின் சகோதரியை மணந்த சார்ல்ஸ் ஹோவார்ட் ஹின்டன், நீளம், அகலம், உயரம் என்ற மூன்றையும் தாண்டிய நான்காம் பரிமாணத்தை மனத்தில் காணப் பழகுவதற்காக வண்ணமிட்ட சிறு மரக் கனசதுரங்களை உருவாக்கினார்.

அந்தக் கட்டைகளை அடுக்கிப் பழகிய இளம் அலிசியா, நான்கு பரிமாண வெளியில் ஆறு ஒழுங்கு வடிவங்களே இருக்க முடியும் என்பதைத் தாமாகவே கண்டறிந்தார். அவற்றை வெட்டினால் தோன்றும் குறுக்குவெட்டு வடிவங்களை அட்டைகளில் செய்தும் வைத்தார்.

ஆனால் அவரது கண்டுபிடிப்புகள் கணித உலகை அடைந்தது, நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகப் பேராசிரியர் பீட்டர் ஸ்கவுட்டேயுடன் அவருக்குத் தொடர்பு ஏற்பட்ட பின்னரே. ஸ்கவுட்டே கணக்கீட்டு முறைகளால் எட்டிய முடிவுகளும், அலிசியா மனக்கண்ணால் கண்ட வடிவங்களும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போயின. இருவரும் ஆண்டுக்கணக்கில் இணைந்து பணியாற்றினர். 1914-இல் குரோனிங்கன் பல்கலைக்கழகம் அலிசியாவுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியது.

விளையாட்டுப் பொருள் அவருக்கு அளித்தது உள்ளுணர்வு. அந்த உள்ளுணர்வைப் பிறர் சரிபார்க்கக்கூடிய கணிதமாக மாற்றுவதற்கு, முறையான பயிற்சி பெற்ற ஒருவரின் துணை தேவைப்பட்டது.

லண்டன் நூலும் கும்பகோணம் சிலேட்டும்

அதே 1914-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில்தான் சீனிவாச ராமானுஜன் சென்னையிலிருந்து கப்பலில் லண்டன் வந்து சேர்ந்தார். அவரைக் கணிதத்துக்குள் இழுத்த புத்தகமும் லண்டன் டியூஷன் உலகில் பிறந்ததே என்பது சுவையான தகவல்.

ஜார்ஜ் ஷூபிரிட்ஜ் கார் என்பவர் கேம்ப்ரிட்ஜ் தேர்வுகளுக்கு மாணவர்களைத் தயார்செய்த லண்டன் டியூஷன் ஆசிரியர். அவர் பல ஆண்டுகளாகத் தொகுத்த குறிப்புகள் 1880-களில் நூல் வடிவம் பெற்றன. ஏறத்தாழ 5,000 கணித முடிவுகள் அதில் வரிசையாக எண்ணிடப்பட்டிருந்தன. பெரும்பாலானவற்றுக்கு நிரூபணம் இல்லை, அல்லது ஒரு வரிக் குறிப்பு மட்டுமே இருந்தது. இன்றைய மொழியில் கூறுவதானால் அது தேர்வுக்கான 'நோட்ஸ்'.

1903-இல், பள்ளி மாணவராக இருந்தபோது அந்நூல் ராமானுஜன் கைக்குக் கிடைத்தது. விடை மட்டும் இருந்து வழி இல்லாத ஒவ்வொரு வரியும் அவருக்கு ஒரு புதிரானது. எந்தப் புதிரையும் தாமே அவிழ்த்தாக வேண்டிய நிலை அவரை உருவாக்கியது. தாள் வாங்கப் போதிய பணமில்லாததால் சிலேட்டில் எழுதி, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டார்.

இந்த வழிக்கு அவர் கொடுத்த விலையும் பெரிது. கணிதத்தைத் தவிர மற்றப் பாடங்களைப் புறக்கணித்ததால் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார். பின்னர் சென்னை பச்சையப்பன் கல்லூரியிலும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. 1913 ஜனவரியில் அவர் எழுதிய கடிதத்தைக் கண்டு வியந்த கேம்ப்ரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டி, அதில் இருந்த குறைகளையும் விரைவில் கண்டுகொண்டார்.

பகா எண்களின் எண்ணிக்கை பற்றி ராமானுஜன் கூறியவற்றில் பிழைகள் இருந்தன. அவரது சூத்திரம் கைக்கு எட்டிய எண்களில் உண்மையான எண்ணிக்கைக்கு மிக நெருக்கமாகவே வந்தது. ஆனால் அதன் துல்லியம் எல்லா எண்களுக்கும் நீடிக்கும் என்ற அவரது கருத்து தவறானது. ரீமான் சார்பின் கலப்பெண் மூலங்கள் ஏற்படுத்தும் விளைவை அவர் கணக்கில் கொள்ளவில்லை. எத்தனை எண்களில் சோதித்தாலும் சோதனை நிரூபணமாகிவிடாது என்பதற்கு இது தெளிவான சான்று.

ராமானுஜனுக்கு என்ன கற்பிப்பது, எதைக் கற்பிக்காமல் விடுவது என்பது ஹார்டிக்குச் சிக்கலாகவே இருந்தது. நவீன நிரூபண முறையைத் திணித்தால் அவரது தன்னம்பிக்கையும் உள்ளுணர்வும் குலைந்துவிடலாம். கற்பிக்காமலே விட்டால் அவரது முடிவுகளை எவரும் ஏற்க மாட்டார்கள். இருவரும் சேர்ந்து பணியாற்றியபோதே அது மெல்ல மெல்லத் தீர்ந்தது. 1918-இல் ராமானுஜன் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தெரிவு செய்யப்பட்டார். 1920-இல் 32 வயதில் அவர் மறைந்தார்.

நிரூபணமே விளையாட்டாகும்போது

அலிசியாவின் கட்டைகளும் காரின் நூலும் உள்ளுணர்வை வளர்த்தன, நிரூபணத்தைக் கற்பிக்கவில்லை. அண்மைக்காலக் கணித விளையாட்டுகள் இதற்கு நேர்மாறானவை. அவை நிரூபணத்தையே விளையாட்டாக்கியுள்ளன.

லண்டன் இம்பீரியல் கல்லூரியின் கணிதப் பேராசிரியர் கெவின் பஸ்ஸார்ட், முகமது பெத்ராம்ஃபர் என்பவருடன் இணைந்து 2019-இல் உருவாக்கிய 'இயல் எண் விளையாட்டு' இவற்றுள் நன்கு அறியப்பட்டது. 'லீன்' என்ற மென்பொருளின் மீது இது அமைக்கப்பட்டுள்ளது. மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவில் 2013-இல் தொடங்கப்பட்ட லீன், ஒரு நிரூபணத்தின் ஒவ்வொரு படியும் சரியானதா என்று கணினியே சோதிக்க வழிசெய்கிறது.

விளையாட்டு தொடங்கும்போது மாணவரிடம் இருப்பவை மிகக் குறைவு. 0 என்ற எண் உண்டு. ஒவ்வோர் எண்ணுக்கும் 'அடுத்த எண்' உண்டு. கூட்டலுக்கு இரண்டே விதிகள். ஓர் எண்ணின் வலப்பக்கத்தில் 0-ஐக் கூட்டினால் அதே எண் கிடைக்கும் என்பது முதல் விதி; 5 + 0 = 5 என்பது போல. ஓர் எண்ணுடன் வேறோர் எண்ணின் 'அடுத்த எண்'ணைக் கூட்டினால், அவ்விரண்டின் கூட்டுத்தொகைக்கு அடுத்த எண் கிடைக்கும் என்பது இரண்டாவது விதி. அதாவது 5 + 3 என்பது 5 + 2-க்கு அடுத்த எண்.

இப்போது 0 + 5 = 5 என்பது போல, இடப்பக்கத்தில் 0-ஐக் கூட்டினாலும் எந்த எண்ணும் மாறாது என்று நிறுவ வேண்டும். வலப்பக்கத்துக்கு மட்டுமே விதி இருப்பதால் இதை அப்படியே ஏற்க முடியாது. இங்குதான் ஏ லெவலிலும் பிளஸ் 1-இலும் மாணவர்களைத் தடுமாற வைக்கும் கணிதத் தொகுத்தறிதல் என்ற முறை தேவைப்படுகிறது.

0 + 0 = 0 என்பதை முதல் விதியே தருகிறது. ஏதோ ஓர் எண்ணுக்கு, உதாரணமாக 7-க்கு, 0 + 7 = 7 என்று வைத்துக்கொண்டால், இரண்டாம் விதியின்படி 0 + 8 என்பது 0 + 7-க்கு அடுத்த எண்; அதாவது 7-க்கு அடுத்த எண்ணான 8. எந்த எண்ணை எடுத்தாலும் இதே வாதம் பொருந்தும். ஏணியின் முதல் படியில் கால் வைக்க முடியும், எந்தப் படியிலிருந்தும் அடுத்த படிக்கு ஏற முடியும் என்றால், எல்லாப் படிகளையும் அடைய முடியும். இதை முடித்த மாணவர், எந்த வரிசையில் கூட்டினாலும் விடை ஒன்றே என்பதை அடுத்து நிறுவுகிறார். கிளிஃபோர்ட் தமது நூலில் எழுப்பிய கேள்விக்கு மிக நெருக்கமான ஒன்று இது.

இங்கு கணினியை ஏமாற்ற முடியாது. "தெளிவாகவே தெரிகிறது" என்றெழுதித் தாண்டிச் செல்ல அது அனுமதிக்காது. நள்ளிரவில் பத்தாவது முறை தவறினாலும் அது சலித்துக்கொள்வதில்லை. முப்பது மாணவர்கள் உள்ள வகுப்பில் ஒவ்வொருவரின் ஒவ்வொரு வரியையும் ஆசிரியர் ஒருவர் உடனுக்குடன் திருத்துவது இயலாத காரியம்.

இந்த முயற்சி பிற பாடப்பிரிவுகளுக்கும் விரிவடைந்துள்ளது. அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் அலெக்ஸ் கொன்டோரோவிச், மெய்யெண் பகுப்பாய்வைக் கற்பிக்க இதே வகையான விளையாட்டை 2025-இல் வெளியிட்டார். உலகப் புகழ்பெற்ற கணிதவியலாளர் டெரன்ஸ் டாவோவும், தமது பகுப்பாய்வுப் பாடநூலுக்கு லீன் வடிவிலான துணைப் பயிற்சியை அதே ஆண்டில் அளித்தார்.

ஆய்வுகள் கூறுவது

விளையாட்டில் பெற்ற வெற்றி தாளிலும் தொடருமா என்பதே மையமான கேள்வி. இதில் ஆய்வுகள் எச்சரிக்கையையே அறிவுறுத்துகின்றன.

நார்வேயில் உருவாகி 2012-இல் வெளியான 'டிராகன்பாக்ஸ்' என்ற இயற்கணித விளையாட்டு உலகெங்கும் பாராட்டுப் பெற்றது. பெட்டிகளையும் படங்களையும் நகர்த்தும் பிள்ளைகள் தாம் சமன்பாடுகளைத் தீர்க்கிறோம் என்பதை அறியாமலே தீர்க்கின்றனர். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த விளையாட்டையும், விளையாட்டு அம்சம் குறைந்த கணினிப் பயிற்சி மென்பொருள் ஒன்றையும் வகுப்பறையில் ஒப்பிட்டு 2017-இல் முடிவுகளை வெளியிட்டனர். விளையாட்டில் மாணவர்கள் அதிக மகிழ்ச்சி கண்டனர். ஆனால் பின்னர் வைக்கப்பட்ட சமன்பாட்டுத் தேர்வில் பயிற்சி மென்பொருளைப் பயன்படுத்தியோரே சிறப்பாகச் செய்தனர். படங்களில் கற்றது குறியீடுகளுக்குத் தானாக இடம் மாறிவிடவில்லை.

பல்கலைக்கழக மட்டத்தில், லீன் மென்பொருளில் ஈடுபட்ட முதலாண்டு மாணவர்களின் நிரூபணங்களை ஆதினா தோமா, பாவோலா இயனோனே ஆகிய ஆய்வாளர்கள் ஆராய்ந்தனர். அம்மாணவர்கள் தாளில் எழுதிய நிரூபணங்களில் கணிதச் சொற்களும் குறியீடுகளும் துல்லியமாக இருந்தன. நிரூபணம் சிறு இலக்குகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. இது நம்பிக்கையளிக்கும் முடிவு. எனினும், ஆர்வமுள்ள மாணவர்களே இத்தகைய மென்பொருளை நாடுகின்றனர் என்பதால், முன்னேற்றம் முழுவதற்கும் அதுவே காரணம் என்று கூறிவிட முடியாது.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் குறித்த முடிவு மேலும் கவனத்துக்குரியது. துருக்கியில் ஏறத்தாழ 1,000 உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் நடத்தப்பட்ட கணித ஆய்வு 2025-இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் வெளியானது. கேட்டவுடன் விடை தரும் செயலியைப் பயன்படுத்தியோர் பயிற்சிக் கணக்குகளில் 48 சதவீதம் கூடுதலாகப் பெற்றனர். செயலி இல்லாமல் தேர்வெழுதியபோதோ, அதை ஒருபோதும் பயன்படுத்தாதோரைவிட 17 சதவீதம் குறைவாகப் பெற்றனர். விடையைத் தராமல் குறிப்பு மட்டும் தருமாறு அமைக்கப்பட்ட செயலியைப் பயன்படுத்தியோரிடம் இந்தச் சரிவு பெரும்பாலும் காணப்படவில்லை. ஒரே தொழில்நுட்பம், அமைக்கப்பட்ட விதத்தால் வேறுபட்ட விளைவைத் தந்தது.

நிரூபண விளையாட்டுகளிலும் இதே ஆபத்து உண்டு. அவற்றில் கட்டளைகளின் எண்ணிக்கை குறைவு. ஒன்று பலிக்காவிட்டால் மற்றொன்று என முயன்று, ஏன் என்று புரியாமலே ஒரு கட்டத்தை முடித்துவிட முடியும். வெற்றிச் செய்தி திரையில் தோன்றியதும் மாணவர் அடுத்ததற்குச் சென்றுவிடுவார். தாளில் எழுதும்போது முதல் வரியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பே அவருடையது.

பழைய வழியின் குறைகள்

ஆனால் பழைய வழி என்று போற்றப்படுவதும் எப்போதும் சிந்தனையை வளர்த்ததில்லை. முந்தைய ஆண்டு வினாத்தாள்களை மீண்டும் மீண்டும் செய்வித்து, வினா வகையைக் கண்டதும் விடை முறையை நினைவுக்குக் கொண்டுவரப் பழக்கும் டியூஷனும், கேட்டவுடன் விடை தரும் செயலியும் ஒரே குறையைக் கொண்டவை. வினாவின் உருவம் சற்று மாறினால் மாணவர் திகைத்துவிடுகிறார்.

தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியை மனப்பாடம் செய்வித்த முறையும் இவ்வாறே குறைகூறப்பட்டதுண்டு. ஆனால் ஆய்வாளர் செந்தில் பாபு 2022-இல் வெளியிட்ட நூலில், அங்கு நினைவாற்றல் என்பது வெறும் ஒப்பித்தலாக இல்லாமல், அளவை, கூலி, நிலவரி போன்ற நடைமுறைக் கணக்குகளோடு பிணைந்த ஒரு கற்றல் முறையாக இருந்ததைக் காட்டுகிறார். பலாப்பழத்தைப் பிளக்காமல் சுளைகளைக் கணக்கிடுவது போன்ற புதிர்களைக் கொண்ட 'கணக்கதிகாரம்' என்ற பழந்தமிழ் நூலும், பல்லாங்குழி ஆட்டமும் தமிழர்க்குப் பழக்கமானவை. மரபுவழிக் கல்வியில் விளையாட்டுக்கு இடமில்லை என்று கருதுவது சரியல்ல.

சிறந்த ஆசிரியர் ஒருவர் செய்யக்கூடியதற்குச் சென்னை லயோலா கல்லூரியே சாட்சி. 1937-இல் இந்தியா வந்த பிரெஞ்சுப் பாதிரியார் சார்ல்ஸ் ரசீன், பாடத்திட்டத்துக்கு அப்பாலிருந்த நவீனக் கணிதத்தைத் தம் மாணவர்களுக்கு அறிமுகப்படுத்தினார். பின்னாளில் உலகறிந்த கணிதவியலாளர்களான சி.எஸ். சேஷாத்ரி, எம்.எஸ். நரசிம்மன், சி.பி. ராமானுஜம் ஆகியோர் அவரிடம் பயின்றவர்கள். எந்த மாணவருக்கு எந்த நூல் பொருந்தும், அவர் அடுத்து எங்கே செல்ல வேண்டும் என்று அறிந்து வழிகாட்டுவது ஆசிரியரின் பணி. மார்க்ஸுக்குக் கிடைக்காமல் போனதும் இதுவே.

இயந்திரமே விடை காணும் காலம்

இந்த விவாதத்தைக் கூர்மையாக்கியிருப்பது செயற்கை நுண்ணறிவின் வேகம். லண்டன் கிங்ஸ் கிராஸில் தலைமையகம் கொண்ட கூகுள் டீப்மைண்ட் நிறுவனத்தின் மென்பொருள்கள், 2024-இல் சர்வதேசக் கணித ஒலிம்பியாட் வினாக்களுக்கு வெள்ளிப் பதக்கத் தரத்தில், 42-க்கு 28 புள்ளிகள் பெற்றன. அவற்றுள் ஒன்று தன் நிரூபணங்களை லீன் மொழியிலேயே எழுதியது. 2025-இல் அந்நிறுவனத்தின் புதிய மென்பொருள் 35 புள்ளிகளோடு தங்கப் பதக்கத் தரத்தை எட்டியது.

அப்படியானால் மாணவர் கணிதம் கற்பானேன் என்ற கேள்வி எழக்கூடும். இயந்திரம் தரும் விடை சரியா, கேட்ட கேள்விக்கே அது விடையா என்று தீர்மானிக்க மனிதர் தேவை. அந்தத் தீர்ப்பைச் சொல்லும் திறன், தாமே திணறி, தவறி, திருத்திக்கொண்டவர்களுக்கே வாய்க்கும்.

தேர்வு முறைகளும் வேறுபடுகின்றன. இந்தியாவில் ஐ.ஐ.டி. நுழைவுக்கான ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வு 2018 முதல் முழுவதும் கணினி வழியாக நடைபெறுகிறது. அதில் இறுதி விடைக்கே மதிப்பெண். மாறாக, கேம்ப்ரிட்ஜ் பல்கலைக்கழகம் கணித மாணவர்களிடம் கோரும் 'ஸ்டெப்' தேர்வு, நீண்ட விடைகளைத் தாளில் எழுதக் கோருகிறது. அங்கு கணிப்பானுக்கு அனுமதியில்லை. எந்தத் தேர்வை எழுதினாலும், பல்கலைக்கழகத்தின் முதலாண்டில் மாணவர் எதிர்கொள்வது நிரூபணங்களையே. பள்ளியில் முதல் மதிப்பெண் பெற்றவர்களும் அங்கு தடுமாறுவதற்கு, விடை காண்பதில் பெற்ற பயிற்சி ஏன் என்று விளக்குவதில் கிடைக்காததே முக்கியக் காரணம்.

வசதி குறைந்தோருக்கும் ஒரு வாய்ப்பு

செயலிகளுக்கு ஆதரவான வலுவான வாதம், அவை வசதி குறைந்தோரையும் எட்டுகின்றன என்பதே. இயல் எண் விளையாட்டுக்குக் கட்டணமில்லை. இணைய இணைப்புள்ள ஒரு கணினி போதும். கேம்ப்ரிட்ஜ் பல்கலைக்கழகம் 1996 முதல் நடத்திவரும் 'என்ரிச்' திட்டத்தின் கணிதப் புதிர்களும், சென்னை ஐ.ஐ.டி. முக்கியப் பங்கு வகிக்கும் என்.பி.டி.இ.எல். திட்டத்தின் பாட உரைகளும் அவ்வாறே இலவசமாகக் கிடைக்கின்றன. தனி ஆசிரியருக்குக் கட்டணம் செலுத்த முடியாத மாணவருக்கு, அவர் லண்டனில் இருந்தாலும் கிளிநொச்சியில் இருந்தாலும், இது பெரும் வாய்ப்பு.

ஆனால் இவற்றில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் அமைந்தவை. தமிழ்வழியில் பயிலும் மாணவர் கணிதத்தோடு ஆங்கிலத்தையும் சேர்த்தே எதிர்கொள்ள வேண்டியுள்ளது. அவர்களுக்கு இந்தக் கருவிகளை அறிமுகப்படுத்தி, கலைச்சொற்களை விளக்கும் ஆசிரியரின் தேவை குறைவதற்குப் பதிலாகக் கூடுகிறது.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை

ஆகவே செயலியா, பழைய வழியா என்று கேட்பதைவிட, மாணவர் எந்தப் பகுதியைத் தாமே செய்கிறார் என்று கேட்பதே பயனளிக்கும். இதை அறிய உயர் கணிதம் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் பெற்றோருக்கு இல்லை.

செயலியிலோ டியூஷனிலோ செய்து முடித்த ஒரு கணக்கை, மறுநாள் கருவிகளையும் குறிப்புகளையும் ஒதுக்கிவைத்து, வெற்றுத் தாளில் முதல் வரியிலிருந்து எழுதச் சொல்லலாம். ஒவ்வொரு வரியிலும் ஏன் அடுத்த வரி வருகிறது என்று வாய்விட்டுக் கூறச் செய்யலாம். கணக்கில் தரப்பட்ட நிபந்தனை ஒன்றை நீக்கினால் எந்த வரி உடையும் என்று கேட்கலாம். பிள்ளையால் பதிலளிக்க முடிந்தால், அது எந்த வழியில் கற்றது என்பது இரண்டாம்பட்சமே. முடியாவிட்டால், திரையில் வென்ற கட்டங்களும் டியூஷனில் நிரம்பிய நோட்டுப் புத்தகங்களும் ஒன்றுபோலவே கணக்கில் சேரா.